இரண்டு கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் முயல் முடி: டப்பிங் பிரஷ்ஷை நாமே செய்துகொள்வது

பால் புட்டி கழுவும் பிரஷ்ஷைக் கையில் எடுத்து அதன் நடுத்தண்டை உற்றுப் பாருங்கள். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும். அந்த இரண்டுக்கும் இடையே சிக்கிய நைலான் இழைகள் நாலாபுறமும் விரிந்து நிற்கும். பசை இல்லை, முடிச்சு இல்லை. முறுக்கின் பிடி ஒன்றுதான். அந்தப் பிடியில் இழைகள் மாதக்கணக்கில் நிற்கின்றன. நைலானுக்குப் பதில் முயல் முடி, தடித்த கம்பிக்குப் பதில் தலைமுடியைவிடச் சற்றே தடித்த செம்புக் கம்பி என்று மாற்றிக்கொண்டால் அதுதான் டப்பிங் பிரஷ்.

பெயரில் பிரஷ் இருந்தாலும் இது எதையும் தேய்ப்பதற்கு அல்ல. தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் நூலால் கட்டி, பூச்சி போலவோ குட்டி மீன் போலவோ தோற்றம் கொடுக்கும் கலைக்கு ஃபிளை கட்டுதல் என்று பெயர். அந்த ஃபிளையின் உடம்பை உண்டாக்கும் பொருள்களில் ஒன்றுதான் இந்தப் பிரஷ். முள்ளின் தண்டில் இதைச் சுற்றிக்கொண்டே போனால் சில நொடிகளில் ரோமம் நிறைந்த உடம்பு தயார்.

டப்பிங் என்றதும் நமக்குச் சினிமாவில் குரல் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். இது அதற்கெல்லாம் மிக முந்திய சொல். 1496-இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சான மீன்பிடி நூல் ஒன்று ட்ரௌட் மீனுக்கான 12 ஃபிளைகளைச் சொல்கிறது. அவற்றைக் கட்டுவதற்கு அது கையாளும் வினைச்சொல்லே 'டப்' என்பதுதான். இன்று ஃபிளை கட்டுகிறவர்கள் டப்பிங் என்றால் உடம்புக்குப் பயன்படும் ரோமத்தைச் சொல்கிறார்கள். அந்த ரோமத்தை நூலில் ஏற்றும் வேலைக்கும் அதே பெயர்தான்.

வழக்கமான முறை எப்படி? மெழுகு தடவிய நூலில் கொஞ்சம் ரோமத்தை வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே திசையில் உருட்டுவார்கள். பஞ்சில் விளக்குத் திரி திரிப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பட்டுப் போன்ற குட்டை முடிக்கு இது நன்றாக வரும். நீளமான, விறைப்பான முடி இதற்குப் படியாது. நூலில் ஏறுவதுபோல் ஏறி, முள்ளில் சுற்றும்போது உதிர்ந்துவிடும். ஏறினாலும் நூலோடு படிந்து போகும், விரிந்து நிற்காது. நீருக்கடியில் வாழும் பூச்சிக்குக் கால்கள் உண்டு, செவுள் இழைகள் உண்டு. அந்த அசைவு ஃபிளையில் வர வேண்டுமானால் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு நூலுக்குப் பதில் இரண்டு நூல்களுக்கு நடுவே ரோமத்தை வைத்து முறுக்கினால் இந்தச் சிக்கல் தீர்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் நகரத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் லைசன்ரிங் இதைச் செய்து பெயர் பெற்றவர். கருவிகள் செய்வது அவர் தொழில். மெழுகு தடவிய பட்டு நூலைத் தன் காற்சட்டைத் தொடைமேல் நீட்டி, அதன்மேல் ரோமத்தைப் பரப்பி, இன்னொரு நூலை மேலே வைத்து உள்ளங்கையால் உருட்டிவிடுவார். இப்படித் திரித்த உடம்புகளை ஓரத்தில் வெட்டுகள் போட்ட அட்டையில் மாட்டிவைத்து, வேண்டியபோது எடுத்துக் கட்டுவார். 1941-இல் வந்த அவருடைய புத்தகத்தின் வழியே இந்த முறை பரவியது. அவருடைய நண்பர் டிக் கிளார்க், தொடைக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையைச் செதுக்கி அதன்மேல் திரிக்க வழி கண்டார். பாட்டி தொடையில் வைத்துத் திரி திரித்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, லைசன்ரிங்கின் இந்த வேலையை முதன்முதலில் படித்தபோது அந்நியமாகவே தோன்றவில்லை.

அந்த இரண்டு நூல்களின் இடத்தில் இரண்டு கம்பிகளை வைப்பதுதான் பிரஷ். நூலை முறுக்கிவிட்டால் அது திரும்ப அவிழப் பார்க்கும், கையிலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பியை முறுக்கினால் அது அப்படியே நின்றுவிடும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பத்துப் பதினைந்து பிரஷ் செய்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். இன்னொரு லாபம் எடை. 0.19 மில்லிமீட்டர் செம்புக் கம்பி இரட்டையாக 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் வரும். ஆற்றின் அடியில் உருளும் ஃபிளைக்கு அது உதவி. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர், நூலே இல்லாமல் செம்புக் கம்பியாலேயே தன் ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃபை (நிம்ஃப் என்றால் நீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போன்ற ஃபிளை) கட்டியதும் இந்த எடைக்காகத்தான். நீரின்மேல் மிதக்க வேண்டிய ஃபிளைக்குக் கம்பி பிரஷ் பொருந்தாது. அதற்கு இரட்டை நூல் முறையே சரி.

கடையில் பிரஷ் கிடைக்காதா என்றால் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். ஆனால் நான் கட்டும் ஃபிளைகள் பெரும்பாலும் கனடாவில், ஒன்டாரியோவின் கிராண்ட் ஆற்றில் பிரவுன் ட்ரௌட்டுக்கானவை. எனக்கு வேண்டியது மெல்லிய, அடர்த்தி குறைந்த, மங்கிய பழுப்புப் பிரஷ். கடையில் இருப்பவை பெரிய மீன்களுக்கான அகலமான, மினுமினுப்பான பிரஷ்களாகவே இருந்தன. நமக்கு வேண்டிய நிறம், வேண்டிய நீளம், எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டிய அடர்த்தி. இந்த மூன்றும் நம் கையில் இருக்கவே பிரஷ்ஷை நாமே செய்கிறோம்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்பது. இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு முறுக்கினால்தான் நடுவில் மாட்டிய முடி நசுங்கி நிற்கும். முடியை அதிகமாகப் போட்டால் கம்பிகள் ஒன்றையொன்று எட்டவே முடியாது. முடி ஒரு மெத்தைபோல நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கப் புசுபுசுவென்று அழகாகத்தான் இருக்கும். முள்ளில் சுற்றி, விரலால் ஒருமுறை நீவினால் பாதி கையோடு வரும். நான் செய்த முதல் நான்கைந்து பிரஷ்களும் இப்படித்தான் போயின. முறுக்கு போதவில்லை என்று நினைத்து இன்னும் முறுக்க, கம்பி அறுந்தது. கம்பி சரியில்லை என்று தடித்த கம்பிக்கு மாறினேன். தவறு கம்பியில் இல்லை, முடியின் அளவில் இருந்தது. அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட சோதனை இது: பரப்பிய முடியின் கீழே செய்தித்தாளை வைத்தால் அதன் எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும். படிக்க முடியவில்லையா, பாதியை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, முடி ஏன் நாலாபுறமும் விரிகிறது? தட்டையாகப் பரப்பிய முடி முதலில் இடம், வலம் என இரண்டு பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது அந்த இடத்து முடிகளும் சுழல் படிக்கட்டுபோல ஒவ்வொன்றும் சற்றே திரும்பி நிற்கின்றன. 30 சென்டிமீட்டர் பிரஷ்ஷில் 120 சுற்று போட்டால், இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று. கண்ணுக்கு அது முழு வட்டமாகவே தெரியும். வழுக்கும் செயற்கை இழைக்கு இன்னும் சில சுற்றுகள் வேண்டும், முயல் முடிக்குக் குறைவாகவே போதும்.

சரி, பலகைக்கு வருவோம். இதற்கென்று செய்த கருவிகள் விற்கின்றன, நான் சொல்வது வீட்டில் கிடைப்பதை வைத்து. 45 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பலகை. இடது முனையில் ஒரு சிறு கட்டையை நிறுத்தி அதில் ஒரு திருகு கொக்கி. வலது முனையில் அதே உயரத்துக்கு இன்னொரு கட்டை, அதில் ஒரு துளை. அந்தத் துளை வழியே சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை நுழைத்து, உள்பக்க முனையைக் கொக்கியாக வளைத்துவிடுங்கள், வெளிப்பக்கத்தைக் கைப்பிடியாக இரண்டு மடிப்பு மடித்துவிடுங்கள். கிணற்று ராட்டினத்தின் கைப்பிடி மாதிரி இருக்கும்.

இந்த ஸ்போக்ஸ் துளையில் இறுக்கமாக இருக்கக் கூடாது, முன்னும் பின்னும் வழுக்கிச் செல்ல வேண்டும். காரணம் உண்டு. முறுக்க முறுக்கக் கம்பி குறுகும். மேலே சொன்ன 120 சுற்றுக்கு 30 சென்டிமீட்டர் கம்பி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுகிவிடும். இரண்டு முனையையும் அசையாமல் கட்டிவிட்டால் அந்த ஒரு சென்டிமீட்டருக்குக் கம்பி எங்கே போகும்? விறைத்து அறுந்துபோகும். ஸ்போக்ஸ் வழுக்குமானால் உங்கள் கை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக்கொண்டே இழுவையையும் காக்கும். இடது முனையில் ரப்பர் பேண்ட் போட்டால் என்ன என்று தோன்றும். போட வேண்டாம், கம்பியில் ஏற வேண்டிய முறுக்கை ரப்பர் பேண்ட் வாங்கிக்கொள்ளும்.

கம்பிக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய வைண்டிங் வயர்தான் இன்றும் பயன்படுகிறது. நம் ஊர்க் கடையில் எண் சொல்லிக் கேட்க வேண்டும்: 36-ஆம் எண் ஏறத்தாழ 0.19 மில்லிமீட்டர், 38-ஆம் எண் 0.15, 40-ஆம் எண் 0.12. வட அமெரிக்கக் கடைகளில் எண்கள் வேறு, அங்கே 34-ஆம் எண்தான் 0.16 மில்லிமீட்டர். ஆகவே எண்ணைவிட மில்லிமீட்டரை நினைவில் வைப்பது நல்லது. 12-ஆம் அளவு என்ற சிறு முள்ளில் கட்டும் நிம்ஃபுக்கு 0.12 முதல் 0.15 வரை போதும். பெரிய ஃபிளைக்கு 0.2. செம்பு வளைந்து கொடுக்கும், முறுக்கினால் அப்படியே நிற்கும், முதல் பிரஷ்ஷுக்கு அதுவே ஏற்றது. துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி உறுதியானது, கடல் மீனுக்கு அதுதான் வேண்டும். ஆனால் அது ஸ்பிரிங்போலத் துள்ளும், கை பழகிய பிறகு எடுங்கள்.

இனி ரோமம். முயலின் முகத்திலும் காதிலும் இருக்கும் முடி நூற்றாண்டுகளாகப் புழங்கும் பொருள், அதற்குக் காரணமும் இருக்கிறது. அடியில் பஞ்சுபோல மெத்தென்ற குட்டை முடி, அதற்கு மேலே விறைப்பான, நுனியில் நிறம் மாறும் நெட்டை முடி, இரண்டும் ஒரே தோலில். மெத்தென்ற முடி உடம்பாகும், நெட்டை முடி கால்களாக நீட்டிக்கொண்டிருக்கும். வேறு எதைக் கலந்தாலும் இந்த இரண்டு வகையும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அணில் முடி நல்லது. வீட்டு நாயைச் சீவும்போது சீப்பில் சேரும் அடிமுடியைக் கழுவிக் காயவைத்தால் அருமையான மெத்தென்ற முடி. கம்பளி நூலைப் பொடியாக நறுக்கியும் சேர்க்கலாம். மினுமினுப்பு வேண்டுமானால் ஆன்ட்ரான் என்ற செயற்கை இழை, ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பழைய ஃபிளைக் குறிப்புகளில் சீல் என்ற கடல் விலங்கின் முடி வரும். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கடல் பாலூட்டிகளுக்குப் பாதுகாப்புத் தந்தது, ஐரோப்பாவும் 1983-இல் சீல் குட்டிகளின் தோலுக்குத் தடை போட்டது. அங்கோரா ஆட்டு முடி அந்த இடத்தை அழகாக நிரப்புகிறது, அதே பளபளப்பும் விறைப்பும் அதில் உண்டு.

இங்கே நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் வெள்ளையும் பொன்னிறமுமாக மெழுகுப் புள்ளிகள் இருக்கும். சால்மன் மீனுக்கான ஃபிளைகளில் அதைக் கண்போல வைத்துக் கட்டுவார்கள். அதற்காக இந்தப் பறவைகளின் கழுத்துத் தோல்கள் ஒரு காலத்தில் ஏராளமாகக் கப்பலேறின. இன்று இது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை. காட்டில் உதிர்ந்து கிடந்தது என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நமக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் வளர்ப்பு விலங்கின் முடி இருக்கிறது.

கலப்பதற்குப் பலர் காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். நீள முடி அதன் பிளேடில் சுற்றிக்கொள்ளும், அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் வெட்டிக்கொண்டு போட வேண்டும். சமையலறை மிக்ஸி ஜாரைத் தயவுசெய்து தொடாதீர்கள். எனக்குப் பிடித்தது தண்ணீர் முறை: வாய் அகன்ற பாட்டிலில் வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு ஷாம்பு, அதில் எல்லா முடியையும் போட்டு நன்றாகக் குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்து, அலசி, பிழிந்து, செய்தித்தாளில் பரப்பிக் காயவைக்க வேண்டும். முடி ஒடியாமல் சீராகக் கலக்கும்.

இப்போது முறுக்கலாம். 80 சென்டிமீட்டர் கம்பியை வெட்டி நடுவில் மடித்து, மடிப்பை இடது கொக்கியில் மாட்டுங்கள். இரண்டு கால்களில் ஒன்றை மட்டும் இழுத்து வலது பக்க ஸ்போக்ஸ் கொக்கியில் நாலைந்து சுற்றுச் சுற்றி நிறுத்துங்கள். மற்றதை ஓரமாக விட்டுவையுங்கள். நீட்டிய கம்பிக்குக் கீழே, அதைத் தொடும் உயரத்துக்கு, புத்தகமோ அட்டைப்பெட்டியோ வைத்தால் மேடை தயார். கம்பியில் விரலால் லேசாக மெழுகு தடவுங்கள். தேன்மெழுகு போதும், ஒட்டினால் சரி.

முடியைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துக் கம்பிக்குக் குறுக்கே, ஏணிப்படிபோல வையுங்கள். இந்த வேலையில் பொறுமை கேட்கும் இடம் இதுதான், அவசரம் வேண்டாம். முடி கம்பியோடு இணையாகப் படுத்துவிட்டால் பிரஷ்ஷில் அது விரியாது, கயிற்றோடு கயிறாகப் போய்விடும். 12-ஆம் அளவு முள்ளுக்கு முடியின் மொத்த நீளம் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கட்டும், கம்பியின் இரு பக்கமும் சமமாக. பழகிய பிறகு ஒன்று செய்து பாருங்கள்: கம்பியை நடுவில் விடாமல், முடியின் மூன்றில் ஒரு பங்கு ஒரு பக்கமும் இரண்டு பங்கு மறுபக்கமுமாக வையுங்கள். முறுக்கியதும் குட்டைப் பக்கம் அடர்ந்த உடம்பாகவும், நெட்டைப் பக்கம் அதற்கு வெளியே மெல்லிய கால்களாகவும் நிற்கும். ஒரே முடியில் இரண்டு நீளம் கிடைக்கிறது.

முப்பது சென்டிமீட்டரும் பரப்பி முடிந்ததா? இரண்டாவது கம்பியை மெதுவாக மேலே கொண்டுவந்து, கீழ்க்கம்பிக்கு நேர் மேலே படியவைத்து, அதே ஸ்போக்ஸ் கொக்கியில் கட்டுங்கள். இரண்டு கம்பிகளுக்கும் இழுவை ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று தொய்ந்திருந்தால் முறுக்கும்போது அது மட்டும் இறுகிய கம்பியைச் சுற்றி ஏறும், பிடி வராது. கைப்பிடியைப் பத்துச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். முடி சிக்கிக்கொண்டதும் மேடையை உருவி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சுழலும் முடி அதில் உரசி மடங்கிவிடும். அப்புறம் தொடர்ந்து சுற்றலாம். ஐம்பது சுற்றில் ஒருமுறை நிறுத்தி, பழைய டூத்பிரஷ்ஷால் ஒரே திசையில் நீவினால் கம்பிக்குள் மாட்டிய நுனிகள் வெளியே வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், அறுந்த கம்பி முகத்தை நோக்கித்தான் தெறிக்கும்.

எங்கே நிறுத்துவது? ஒரு முடியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். முடி வராமல் பிரஷ் முழுவதும் அசைந்தால் போதும், அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். முடித்ததும் சட்டென்று கழற்றக் கூடாது. மூன்று நான்கு சுற்று பின்னோக்கிச் சுற்றி, கம்பியின் துள்ளலை அடக்கிவிட்டு, இழுவையை விடாமல் பிடித்தபடி வெட்டி எடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பிரஷ் தன்மேலேயே சுருண்டு முடிச்சு விழும், அதை நேராக்க முடியாது.

முள்ளில் கட்டுவது எளிது. பிரஷ்ஷின் ஒரு முனையில் அரை சென்டிமீட்டர் முடியை வழித்துக் கம்பியை மொட்டையாக்கி, அந்தக் கம்பியை முள்ளின் வளைவுக்கு அருகே நூலால் இறுக்கிக் கட்டுங்கள். நூலை முள்ளின் கண் (தூண்டில் நரம்பைக் கோக்கும் வளையம்) பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பிரஷ்ஷைச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முடியை வால் பக்கமாக விரலால் நீவிவிட வேண்டும். நீவாவிட்டால் அடுத்த சுற்றுக் கம்பி முந்திய சுற்று முடியை அமுக்கிவிடும், இவ்வளவு பாடுபட்டு விரித்தது வீணாகும். கண்ணுக்கு முன் இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டு நிறுத்தி, நூலால் ஐந்தாறு சுற்று இறுக்குங்கள். மிச்சக் கம்பியை நல்ல கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், முனை மழுங்கிவிடும். முன்னும் பின்னும் ஆட்டினால் கம்பி கட்டின் ஓரத்திலேயே ஒடியும். பிறகு ஊசியால் அங்கங்கே முடியைக் கிளறிவிட்டு, நீளமானதைக் கிள்ளி எடுங்கள். கத்தரித்த நுனி மொட்டையாகத் தெரியும், கிள்ளிய நுனி பூச்சியின் கால்போலவே இருக்கும்.

பெரிய மீன்களுக்கான ஃபிளைகளிலும் இதே பிரஷ்தான், அளவுதான் வேறு. கேம் சேஞ்சர் என்று ஒரு ஃபிளை, மீனின் முதுகெலும்புபோலத் துண்டு துண்டாகக் கோத்து, ஒவ்வொரு துண்டிலும் பிரஷ் சுற்றிச் செய்வது. வாலில் குட்டை இழை, தலையை நோக்கி வர வர நீள இழை என்று பிரஷ்ஷின் அகலம் கூடிக்கொண்டே போகும். நீரில் உண்மையான மீனைப்போலவே நெளியும். பரப்பும்போதே ஒரு முனையில் குட்டையாகவும் மறுமுனையில் நெட்டையாகவும் வைத்தால் ஒரே பிரஷ்ஷில் அந்தச் சரிவு வந்துவிடும். அது இரண்டாவது மாதத்துக்கு.

முதல் பிரஷ்ஷை முயல் முடியில், 15 சென்டிமீட்டர் மட்டும் செய்யுங்கள். முழு நீளம் வேண்டாம். அதில் 12-ஆம் அளவு நிம்ஃப் இரண்டு கட்டலாம். முதலாவதைக் கட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நனைந்த பிறகும் முடிகள் தனித்தனியாக விரிந்து நின்றால் அடர்த்தி சரி. ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டால் அடுத்த பிரஷ்ஷில் முடியைக் குறையுங்கள். செய்து முடித்தவற்றை மடக்காமல் ஜூஸ் ஸ்ட்ராவுக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து, கலவையையும் கம்பி அளவையும் மேலே எழுதிவையுங்கள். நன்றாக வந்த ஒன்றை ஆறு மாதம் கழித்துத் திரும்பச் செய்ய அந்த எழுத்துதான் உதவும்.